முகச் சுருக்கமும் நெல்லிக்கனியும்

வில்லியனூர்க் கடைத்தெருவில் மருந்துக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சிறு சிறு குப்பிகள் இன்று வரிசையாக நிற்கின்றன. மூடியிலே சொட்டுக் குழல். மேலே ‘வைட்டமின் சி சீரம்’ என்ற எழுத்து. 30 மில்லி கொண்ட ஒரு குப்பியின் விலை பல நூறு ரூபாய். கல்லூரிக்குச் செல்லும் மகள் அதைக் கேட்கிறாள். நாற்பதைக் கடந்த தாயும், வாய்விட்டுச் சொல்லாவிடினும், விரும்புகிறாள். தந்தையோ அந்தத் திங்களின் வரவையும் செலவையும் மனத்துள் கூட்டிக் கழிக்கிறார். இது வாங்கத்தக்க பொருள்தானா, அன்றி வெறும் ஏமாற்றா என்ற கேள்வி நம் குடும்பங்களில் எழுந்துள்ளது. இத்திங்கள் அதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முதலில், தோல் ஏன் முதுமை அடைகிறது? பாகூர் ஏரிப் பாசனத்து வயல்களில் முப்பது ஆண்டுகள் நாற்று நட்ட ஓர் அன்னையின் புறங்கையைப் பாருங்கள். பின்னர் அவருடைய மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்த தோல். எனினும் ஒன்று தடித்துச் சுருங்கிப் புள்ளி விழுந்திருக்கிறது. மற்றொன்று மென்மையாக இருக்கிறது. இரண்டுக்கும் வயது ஒன்றே. வேறுபாடு வெயிலினால் வந்தது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ‘பி’ வகை மேல்தோலைச் சுடும். ‘ஏ’ வகையோ ஆழச் சென்று, தோலைத் தாங்கி நிற்கும் கொல்லாஜன் என்னும் நார்ப்புரதத்தைச் சிதைக்கும். பேருந்தின் சன்னல் கண்ணாடியையும் அது ஊடுருவ வல்லது. இக்கதிர்கள் தோலுக்குள் நிலையற்ற ஆக்சிஜன் துகள்களை உண்டாக்குகின்றன. இரும்பைத் துரு அரிப்பது போல் அத்துகள்கள் உயிரணுக்களை அரிக்கின்றன. இவ்வரிப்பைத் தடுக்கும் பொருள்களையே ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. வைட்டமின் ‘சி’ அவற்றுள் தலையாயது.

அது மட்டுமன்று. கொல்லாஜன் முறுக்கேறி வலுப்பெறுவதற்கே வைட்டமின் ‘சி’ இன்றியமையாதது. அது இல்லாவிடில் என்ன நேரும் என்பதைப் பழைய கப்பலோட்டிகள் நன்கு அறிவர். ஈறு வீங்கும், பல் ஆடும், ஆறிப்போன பழைய தழும்புகளும் மீண்டும் பிளக்கும். 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். நம் வீட்டு ஆடு இச்சத்தைத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்கிறது. மனிதனுக்கு அத்திறன் இல்லை. அன்றாடம் உண்டே பெறவேண்டும்.

இவ்விடத்தில் நம் தமிழ்நாட்டு வரலாறு ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நீலகிரிக் குன்னூரில், 1918-இல், மக்காரிசன் என்ற மருத்துவர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ஊட்டச்சத்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. குன்னூர்க் கூடத்தில் இருந்தவர்கள் நெல்லிக்கனியைச் சோதித்து, வைட்டமின் ‘சி’யில் அதற்கு நிகரான உணவு அரிது என்று கண்டனர். எம். சீனிவாசன் என்பவர் 1944-இல் ‘நேச்சர்’ இதழில் இதுபற்றி எழுதினார். வடக்கே ஹிஸ்ஸார் பஞ்சத்தின்போது ஸ்கர்வி நோயுற்றவர்களுக்கு நெல்லி மருந்தாயிற்று. இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களுக்கு நெல்லி வில்லைகள் சென்றன. கொல்லையில் உதிர்ந்து கிடக்கும் காய்க்கு எத்துணை பெருமை!

பழைய அட்டவணைகள் 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’ உண்டென்றன. 2017-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புதிய அட்டவணை 252 என்றே கூறுகிறது. குறைந்துவிட்டதே என்று எவரும் வருந்த வேண்டா. பெண்களுக்கு நாளொன்றுக்கு 65 மில்லிகிராமும் ஆண்களுக்கு 80 மில்லிகிராமும் போதும் என்பது 2020-ஆம் ஆண்டின் பரிந்துரை. நடுத்தர நெல்லிக்காய் ஒன்றிரண்டு, அல்லது ஒரு கொய்யாப்பழம், அந்தக் கணக்கை நிறைவேற்றிவிடும். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேலேயே இருக்கிறது. முருங்கைக் கீரையிலும் உண்டு. ஆனால் நெடுநேரம் கொதிக்க வைத்தால் சத்து அழிந்துபோகும். தேவைக்கு மேல் உண்டால் தோல் மேலும் இளமை பெறுமா? பெறாது. மிகுதி சிறுநீரோடு வெளியேறிவிடும்.

இனிக் குப்பிக்கு வருவோம். அது முழு ஏமாற்று என்று சொல்வது நேர்மை ஆகாது. அமெரிக்க டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் என்ற தோல் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 2001-இல் சில உண்மைகளைக் கண்டனர். கரைசலின் அமிலத்தன்மை வலுவாக, அதாவது பி.எச். 3.5-க்குக் கீழே இருந்தால்தான் வைட்டமின் ‘சி’ தோலுக்குள் இறங்கும். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் சேர்த்துப் பயனில்லை. அவர்களே 2005-இல், 15 பங்கு வைட்டமின் ‘சி’யோடு ஒரு பங்கு வைட்டமின் ‘ஈ’யும் அரைப் பங்கு ஃபெருலிக் அமிலமும் கூட்டியபோது வெயிலின் தாக்குதலைத் தடுக்கும் ஆற்றல் இரு மடங்காயிற்று என்றனர். ஃபெருலிக் அமிலம் என்பது ஏதோ அயல்நாட்டு அதிசயம் அன்று. 1866-இல் பெருங்காயச் செடியின் பிசினிலிருந்து முதன்முதலில் பிரிக்கப்பட்டதால் அச்செடியின் லத்தீன் பெயரே அதற்கும் வாய்த்தது. நம் நெல்லின் தவிட்டிலும் அது இருக்கிறது. அதற்காகத் தவிட்டை முகத்தில் பூசினால் அதே பயன் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இன்னொன்றையும் நினைவில் கொள்வது நன்று: அச்சோதனைகள் நிகழ்ந்தது பெரும்பாலும் பன்றியின் தோலில்.

அன்றியும், இப்பொருள் காற்றும் ஒளியும் வெப்பமும் பட்டால் கெடுவது. நம்மூர்ச் சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டு அலமாரியில், திறந்த குப்பி எத்தனை நாள் தாங்கும்? தெளிவாக இருந்த நீர் பழுப்பேறினால் அதன் பயன் பெரிதும் போய்விட்டது என்று பொருள்.

தோல் முதுமையைத் தடுப்பதில் மனிதரிடமே நடந்த ஒரு பெரிய ஆய்வைச் சொல்கிறோம். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை, 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை ஆராய்ந்தார்கள். வெயில் தடுப்புக் களிம்பை நாள்தோறும் பூசியவர்களுக்கு, விரும்பிய போது மட்டும் பூசியவர்களைவிட, தோல் முதுமை நூற்றுக்கு 24 பங்கு குறைவு. அதே ஆய்வில் பீட்டா கரோட்டின் என்னும் அரிப்புத் தடுப்பு மாத்திரை விழுங்கியவர்களுக்குப் பொதுவில் ஒரு பயனும் தென்படவில்லை. அவர்கள் வெள்ளைத் தோலினர் என்பது உண்மையே. நம் கருநிறத்துக்கு இயற்கையிலேயே பாதுகாப்பு மிகுதி. நமக்குச் சுருக்கம் பிந்தி வரும், மங்கும் புள்ளியும் முந்தி வரும். ஆயினும் காரணம் அதே கதிரவன்தான்.

ஆகவே முதற்செலவு வெயிலை மறைப்பதற்கே ஆகவேண்டும். பாகூர் வயல்களில் பெண்கள் சேலையின்மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டு கட்டி நடவு நடுகிறார்களே, அதனைவிடச் சிறந்த தோல் காப்பு எந்தக் கடையிலும் இல்லை என்பது நம் கருத்து. நகரத்துப் பெண்கள் அதைக் கண்டு நகைப்பதுண்டு, நகைக்கட்டும். குனிந்து நிற்கையில் பிடரி வெயிலில் காயும். துண்டின் முனை அங்கு விழுமாறு கட்டுதல் வேண்டும். காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரையுள்ள வெயிலே கொடியது. இருசக்கர வண்டியில் செல்வோர்க்கும், மங்கு படர்ந்தோர்க்கும் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட களிம்பு உதவும். மங்குக்கு, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள களிம்பே ஏற்றது. இவ்வளவும் செய்தபின் கையில் பணம் மிஞ்சினால், கறுத்த குப்பியில், அண்மையில் தயாரான, 10 முதல் 20 பங்கு கொண்ட சீரம் வாங்கலாம். புகைபிடிப்பவரோ அப்பணத்தையும் அதில் செலவிட வேண்டா; புகையை விடுவதே அவருக்கு முதல் மருந்து.

குப்பிக்குப் பதிலாக எலுமிச்சையை முகத்தில் தேய்த்தால் என்ன என்பர் சிலர். 10 பங்குச் சீரத்தில் 100 மில்லிக்கு 10,000 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’ உண்டு. எலுமிச்சைச் சாற்றிலோ 40 முதல் 50 தான். ஆற்றலில் இருநூற்றில் ஒரு பங்கு! அதோடு, எலுமிச்சை பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும், திங்கள் கணக்கில் மாறாத கருந்தழும்பும் உண்டாகக்கூடும்.

நாம் மிகவும் அஞ்சுவது வேறொன்று. சீரத்தின் பக்கத்திலேயே ‘சிவப்பழகு’ தரும் களிம்புகளும் விற்கப்படுகின்றன. தோல் முதுமையும் தோலின் நிறமும் ஒன்றல்ல. கறுப்பு நோயும் அன்று. வணிகர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி நம் பெண்களின் கண்ணில் நீர் வரவழைக்கிறார்கள். இவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து உண்டு. சிலவற்றில் பாதரசமும் உண்டு. மருத்துவர் சீட்டின்றி 14 ஸ்டீராய்டு களிம்புகளை விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-இல் ஆணையிட்டது. கேரளத்துக் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோய் கண்ட 15 பேரை மருத்துவர்கள் விசாரித்தபோது, 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்களாக இருந்தனர்.

ஸ்டீராய்டு களிம்பைப் பல திங்களாகப் பூசிவந்த பிள்ளையின் முகம் சிவந்து, மெலிந்து, பருவும் மயிரும் அரும்பியிருந்தால், கடிந்துகொள்ளாமல் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பூசிய குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதனை ஒரே நாளில் நிறுத்தினால் எரிச்சல் பன்மடங்காகும். எப்படிப் படிப்படியாக விடுவது என்பதை மருத்துவர் சொல்வார்.