பாரையும் பாறையும்

பக்கத்து வளவுப் பிள்ளை மூன்று நாளாகக் கொப்பியோடு வந்து என் விறாந்தையில் குந்தியிருக்கிறாள். ஐந்தாம் தரம். இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. சொல்வதெழுதலில் இருபதுக்கு எட்டு. கொப்பியைத் திறந்தால் குங்குமம் கொட்டினதுபோல் ஒரே சிவப்பு.

"எனக்கு மட்டும் ஏன் மாமா எழுத்து வருகுதில்ல?"

பிழைகளைப் பொறுமையாகப் பார்த்தேன். வலை, அலை எல்லாம் சுத்தம். இடறியதெல்லாம் ழ-ள, ர-ற, ந-ன என்ற மூன்று இடங்களில்தான். கதிரவெளியில் யார் வாயிலும் வாழைப்பழம் 'வாளப்பளம்'தான், என் வாயிலும்தான். காது கேட்டதைக் கை எழுதுகிறது. ஆனால் 'மட்டக்களப்பு', 'திருகோணமலை' இரண்டையும் அவள் ஒருநாளும் பிழையாக எழுதியதில்லை. ஏ15 வீதியில் நாள் முழுக்க பஸ்ஸின் நெற்றியில் போகிற பெயர்கள். காது கைவிட்ட இடத்தில் கண் படித்திருக்கிறது.

அதையே பிடித்துக்கொண்டேன். விடியக் கரைக்குக் கூட்டிப்போய், மீன் வாடியில் விலை எழுதும் பலகையை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். வெண்கட்டியால் 'பாறை' என்று எழுதினாள். மீன்காரர் எட்டிப் பார்த்தார்.

"பாறைய வெட்ட உளி வேணும் புள்ள, கத்தி காணாது."

சிரித்துக்கொண்டே ஈரக்கையால் அழித்துப் 'பாரை' ஆக்கினாள். அடுத்த மீனுக்குத் தானாகவே நின்று யோசித்தாள். குலையில தொங்கினா வாழை, வலையில கிடந்தா வாளை. இந்தச் சூத்திரம் முழுக்க அவளுடையது. இறாலுக்கு மட்டும் இப்படி வழியில்லை. 'இரால்' என்று எழுதினால் சிரிப்பு வராது, பிழைதான் வரும். நாலு நாள் பலகையில் எழுதிக் கண்ணில் ஒட்டவைக்க வேண்டியதுதான்.

நிறுத்தக்குறிதான் பெரிய வில்லங்கம். மழையைப் பற்றி அவள் எழுதின கட்டுரை ஒரு பக்கம் முழுக்க ஒரே வசனம். எழுதினபடியே மூச்சு விடாமல் வாசி என்றேன். ஐந்தாவது வரியில் இருமி, "ஏலாது மாமா" என்றாள். முட்டின இடத்தில் ஒரு புள்ளி வைத்தோம். என்னைப் படிப்பித்த சேர், காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று மேசையில் தட்டிக் காட்டுவார். கூத்துப் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்குத் தாளம் புதிதா? அவள் கதிரைக் கையில் தட்டித் தட்டி வாசித்தாள்.

அந்தச் சிவப்பு மையைப் பார்க்கத்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏட்டுக்காலத்தில் மெய்யெழுத்துக்கே புள்ளி வைப்பது அரிது. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். எ-யா ஏ-யா என்று வாசிக்கிறவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) கையால்தான் நம் வசனநடையில் காலூன்றின. அவருக்கு முந்திய புலவர்களின் ஏட்டை இன்றைய திருத்துநரிடம் கொடுத்தால், புள்ளி வைக்காததற்கே புள்ளி வெட்டிவிடுவார்.

நேற்றுப் பின்னேரம் சீனி வாங்கப் போனோம். கடை வாசல் அட்டையில் 'கறைவலை மீன் கிடைக்கும்' என்று எழுதியிருந்தது. பிள்ளை அதைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டி, "முதலாளி, வலையில என்ன கறை?" என்றாள்.

கடைக்காரர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் முறைத்தார்.