அனுப்பிய கடிதத்தின் நகல் எங்கே?



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வேலைக்கும், உங்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் தேவையான விஷயம்.

பள்ளியில் அலுவல் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தோம். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டோம். அனுப்பும் கடிதத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள் என்பதற்கு மட்டும் எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடையாது. அலுவலகத்தில் அப்படி இல்லை. தட்டச்சு செய்யும்போதே கார்பன் தாள் வைத்து இன்னொரு பிரதி எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுவார்கள். அனுப்புகைப் பதிவேட்டில் எண்ணும் தேதியும் ஏறும். மெயிலில் இருக்கும் 'சிசி' அந்தக் கார்பன் காப்பியின் சுருக்கம்தான்.

இப்போது நாம் கேட்காமலே மெயில் நமக்கு நகல் எடுத்து 'சென்ட்' என்ற பெட்டியில் வைக்கிறது. சும்மா கிடைப்பதால் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. என் கருத்து இதுதான்: இன்பாக்ஸைவிட சென்ட் பெட்டிதான் முக்கியம். வந்த கடிதம் தொலைந்தால் அனுப்பியவரிடம் கேட்கலாம். நாம் அனுப்பியது தொலைந்தால் யாரிடம் கேட்பது?

அந்த நகல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய மெயில் எதிராளியின் பெட்டிக்குப் போய்விட்டது. உங்களிடம் இருப்பது தனிப் பிரதி. அதை அழித்தால் அவரிடம் இருப்பது அழியாது. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 விநாடிதான் அவகாசம்.

ஜிமெயிலில் இன்னொரு சங்கதி. நீங்கள் எழுதியது, அவர் பதில் எழுதியது எல்லாம் ஒரே உரையாடலாகக் கோத்துக் காட்டப்படும். பதிலைப் படித்துவிட்டு, இன்பாக்ஸில் இடத்தை அடைக்கிறதே என்று அந்த உரையாடலை நீக்கினால், நீங்கள் அனுப்பியதும் சேர்ந்து ட்ராஷுக்குப் போய்விடும். 30 நாள் கழித்து அங்கிருந்தும் போய்விடும்.

நம்ம ஊர்ப் பெண் ஒருத்திக்கு இதுதான் நடந்தது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் அனுப்பினாள். "கிடைத்தது" என்று ஒரு வரி பதில் வந்தது. பார்த்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து, "வருமானச் சான்றிதழ் இணைக்கவில்லை" என்றார்கள். அழுதுகொண்டு வந்தாள். ட்ராஷைத் திறந்தோம். 30 நாள் ஆகாததால் இருந்தது. தேதி, நேரம், இணைத்த சான்றிதழ் எல்லாம் அப்படியே. அதையே மறுபடி அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள். இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

குழு முகவரிக்கு எழுதுகிறவர்களுக்கு ஒன்று. கூகுள் குழுவுக்கு நீங்கள் அனுப்பும் மெயில் உங்கள் இன்பாக்ஸில் புதிதாக வந்து விழாது. உங்களிடம் ஏற்கெனவே ஒரு பிரதி இருப்பதால் ஜிமெயில் இரண்டாவதைக் காட்டுவதில்லை. போகவில்லை என்று நினைத்து மூன்று முறை அனுப்பாதீர்கள். சென்ட் பெட்டியைப் பாருங்கள்.

கம்பெனியோ கல்லூரியோ கொடுத்த முகவரியிலிருந்து சொந்த விஷயங்களை எழுதாதீர்கள். வேலையை விட்டு வரும்போது அந்தக் கணக்கை மூடிவிட்டால் நகலும் போச்சு. சில கணினிகளில் 'பாப்' முறையில் அமைத்திருப்பார்கள். அனுப்பியதன் நகல் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கும், உங்கள் போனில் தேடினால் கிடைக்காது. சொந்தக் கணக்கையும் சும்மா போட்டுவிடாதீர்கள். இரண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்ட் பெட்டியில் இருப்பது நீங்கள் அனுப்பியதற்கு அடையாளம், அவருக்குக் கிடைத்ததற்கு அடையாளம் அல்ல. முன்பு பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை கேட்டு வாங்கியது போல, "கிடைத்ததா?" என்று கேட்டு ஒரு வரி பதில் வாங்கி வையுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, அனுப்பிய நேரத்தையும் பெற்ற நேரத்தையும் தனித்தனியாகவே பார்க்கிறது. வழக்கு என்று வந்தால் மெயிலைச் சாட்சியமாக வைக்கலாம். ஆனால் 1.7.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி அதற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி அசல் மெயிலை அழித்துவிடாதீர்கள்.

நகல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 26.12.2004 அன்று கடல் உள்ளே வந்தபோது உயிர்களோடு காகிதங்களும் போயின. ரேஷன் கார்டு, மதிப்பெண் பட்டியல், படகுப் பத்திரம் என்று எத்தனை குடும்பம் அலைந்தது! அந்தக் காலத்தில் நம்மிடம் வேறு பிரதி இல்லை. இன்று இருக்கிறது. வேறெங்கோ ஒரு கணினியில், தண்ணீர் தொடாத இடத்தில், காசில்லாமல் இருக்கிறது. அதை நாமே நம் விரலால் அழித்துவிடக் கூடாது.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடிதப் பாடம் நடத்தும்போது, உறைமேல் முகவரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதச் சொல்லுங்கள்: "நகல்: கோப்பிற்கு." அதற்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
காரைக்கால்மேடு.