வினவல் மடலுக்கு அயன்மொழி ஏன்?

மதுரை வணிகர் ஈரோட்டு மஞ்சட் கடைக்கு விலை வினவி மின்மடல் விடுக்கின்றார். எழுதுபவரும் தமிழர், படிப்பவரும் தமிழர். மடல் மட்டும் ஆங்கிலம்! அதுவும் எத்தகைய ஆங்கிலம்? 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்னும், இங்கிலாந்திலேயே பெரும்பாலும் வழக்கொழிந்த பழந்தொடர். விரலியா கிழங்கா, எத்தனை மூட்டை, எந்நாளுக்குள் என்பனவோ அதில் இரா. ஆகவே விடைக்கு மாறாக வினாவே திரும்பி வருகின்றது. அதற்குள் சந்தை விலை ஏறிவிடுகின்றது. இழப்பு யாருக்கு?

தமிழ் வணிகத்திற்கு உதவாது என்பார் வரலாறு அறியார். சுமத்திராத் தீவின் பாரூசில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-இல் தம் ஏற்பாட்டைத் தமிழிலேயே கல்லிற் பொறித்தனர். இலங்கைக் காலியில் 1911-இல் கிடைத்த, 1409-ஆம் ஆண்டுச் சீனக் கடற்படைத் தலைவர் செங்கோவின் கல்லிலோ, சீனத்தோடும் பாரசீகத்தோடும் தமிழும் நிற்கின்றது. சீனர்க்குத் தேவைப்பட்ட தமிழ் மதுரையார்க்கு வேண்டாததாயிற்று!

அயல்நாட்டார்க்கு ஆங்கிலத்தில் எழுதுக, தடுப்பார் இலர். ஈரோட்டிற்கு இவ்வளவு போதும்: 'ஐயா, விரலி மஞ்சள் 20 மூட்டை, பத்து நாளுக்குள் தேவை. விலையும் வண்டிக்கூலியும் தெரிவிக்க வேண்டுகிறேன்.' கைப்பேசியிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கின்றது.