மென்பொருள் வேலையும் பிழையேடும்

நம் கலாசாலையை விட்டு வெளியேறும் மாணாக்கருள் பலர் இந்நாளில் மென்பொருள் இயற்றும் தொழிலிற் புகுகின்றனர். புகுந்த முதல் வாரத்திலேயே அவர்களுக்கு ஒரு பதிவேடு அறிமுகமாகின்றது. அது காகித ஏடன்று. கணினித் திரையில் விரியும் ஏடு. செய்யவேண்டிய வேலை யாது, அதனை ஏற்றவர் யார், எப்பிழை எங்கே காணப்பட்டது, அது தீர்ந்ததா இல்லையா என்னும் விவரங்களெல்லாம் அதிலே குறிக்கப்படுகின்றன. இத்தகைய ஏடுகள் விலைக்கும் இலவசமாகவும் இன்று பற்பல கிடைக்கின்றன. அவற்றுள் எதனைத் தெரிந்துகொள்வது என்னும் வினா அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு குழுவின் உழைப்பும் நேர்மையும் அதனைப் பெரிதும் பொறுத்திருக்கின்றன என்பது நம் அபிப்பிராயம். ஆதலின் அதுபற்றிச் சில கூறப் புகுகின்றோம்.

பிழையை எழுதி வைக்கும் வழக்கம் புதியதன்று. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஆக்கப்பட்ட மார்க் 2 என்னும் கணிப்பொறியின் ரிலே ஒன்றில் விட்டிற்பூச்சி அகப்பட்டிருக்கக் கண்டு, அப்பொறியை இயக்கியவர்கள் அதனை எடுத்துத் தம் தினசரி ஏட்டிலே ஒட்டி வைத்தனர். மாலை 3.45 மணி, 70-ஆம் ரிலே, உள்ளே பூச்சி என்று நேரமும் இடமும் பொருளும் அங்கே குறிக்கப்பட்டுள்ளன. அவ்வேடு அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையிற் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. ஒரு பிழைக் குறிப்புக்கு இன்றியமையாதவை இவ்வளவே.

பின்னர் ஏடுகள் பெருகின. 1994-இல் தொடங்கிய டெபியன் கூட்டத்தாரின் பிழையேட்டுக்கு எவரும் ஒரு மின்னஞ்சல் எழுதினாற் போதும். 1998-இல் நெட்ஸ்கேப்பாரிடமிருந்து பக்ஸில்லா வெளிவந்தது. 2002-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து அட்லாசியன் கம்பெனியார் ஜிராவை வெளியிட்டனர். 2011-இல் வந்த ட்ரெல்லோ, பலகையில் அட்டைகளை வரிசையாக ஒட்டி நகர்த்தும் முறையைத் திரைக்குக் கொணர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பயன் உண்டு. ஆகவே எது சிறந்தது என்று பொதுப்பட வினவுதல் பொருந்தாது. எது நமக்கு ஏற்றது என்பதே வினாவாக வேண்டும்.

நிற்க. உலகத்தார் இதனைத் தெரிந்துகொள்ளும் முறை யாது? பெரிய கம்பெனிகள் எதனைக் கையாளுகின்றன என்று பார்க்கின்றனர். எதில் வசதிகள் மிகுதி என்று பட்டியலிடுகின்றனர். தலைவருக்கு அழகிய அறிக்கைகளைத் தருவது எது என்று ஆராய்கின்றனர். அந்த ஏட்டில் நாள்தோறும் எழுதப்போகின்றவனை மட்டும் எவரும் கேட்பதில்லை.

இதன் விளைவை நாம் அருகிலிருந்தே கண்டோம். நம் மாணாக்கர் ஐவர் கூடி, விடுதியின் உணவுக் கணக்கை எழுதுதற்கு ஒரு மென்பொருள் இயற்றினர். பெருங் கம்பெனிகளுக்கு உரியதொரு ஏட்டையே தாமும் அமைத்துக்கொண்டு, அதனை ஒழுங்கு செய்வதிலேயே இரண்டு வாரங்களைக் கழித்தனர். ஒரு பிழையைப் பதிவதற்குப் பதினான்கு கட்டங்களை நிரப்ப வேண்டியிருந்தது. மாதம் 31 நாட்களாயின் ஒருநாள் உணவு கணக்கில் விடுபடுகின்றது என்பதை விடுதிக் கணக்கர் கண்டார். கட்டங்களைக் கண்டு மலைத்த அவர், மாணாக்கருள் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டார். அவரோ பரீட்சை முடிந்து ஊருக்குப் போனார். பிழையும் அவரோடு போயிற்று. அடுத்த 31 நாள் மாதத்தில் ஒருநாட் செலவு குறைந்து, அதனை விடுதி மாணவர் எல்லாரிடமும் மறுபடி வசூலிக்க நேர்ந்தது. அதன் பின்னரே அவ்வைவரும் கட்டங்களை மூன்றாகக் குறைத்தனர்: செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நேர்ந்தது என்ன. அன்று முதல் கணக்கரே தம் கையாற் பதியலானார்.

ஆகவே நாம் வற்புறுத்துவது ஒன்றே. பிழையை முதலிற் காண்பவன், அவன் குழுவில் எவ்வளவு இளையவனாயினும், தயக்கமின்றி எழுதக்கூடிய ஏடே நல்ல ஏடு. பிழையின் கடுமை, முறை, பொறுப்பாளர் முதலியவற்றைப் பின்னர் ஆராய்பவர் நிரப்பிக்கொள்ளட்டும். எழுதப்படாத பிழையை எந்த அறிக்கையும் காட்டாது. அறிக்கை எவ்வளவு அழகியதாயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். மருத்துவக் கருவிகளுக்கும் வங்கிகளுக்கும் மென்பொருள் செய்வோர், எம்மாற்றத்தை யார் எப்போது அனுமதித்தார் என்பதற்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவர். அவர்கட்குக் கட்டங்கள் பல வேண்டாவோ எனலாம். வேண்டும், அதனை மறுக்கின்றோமல்லோம். ஆனால் அக்கட்டங்கள் அனுமதி அளிப்பவரின் மேசையில் இருக்க வேண்டியவை. பிழை காண்பவன் நுழையும் வாயிலில் இருக்கத் தக்கவை அல்ல.

இன்னுமொன்று. ஏட்டைக் கொண்டு ஆட்களை அளக்கத் தொடங்கினால் ஏடு பொய்யாகும். எத்தனை பிழைகளைத் தீர்த்தான் என்பதற்கே சன்மானமாயின், ஒரு பிழை மூன்றாகப் பிளவுண்ணும். எத்தனை பிழை செய்தான் என்பதற்குத் தண்டனையாயின், பிழை மறைக்கப்படும். இக்குற்றம் எந்த ஏட்டினிடத்தும் இல்லை, ஏவுகின்றவரிடத்தே உள்ளது.

இனி, ஏட்டினும் நெடிது வாழ வேண்டியது அதில் எழுதப்பட்ட செய்தி என்பதையும் நினைத்தல் வேண்டும். கூகிள் கோட் என்னும் நிலையம் 2016-இல் மூடப்பட்டது. பிவோட்டல் ட்ராக்கர் 2025 ஏப்ரல் 30-உடன் நின்றது. தம் சொந்தக் கணினிகளில் ஜிராவின் சர்வர் பதிப்பை வைத்திருந்தோர்க்கு அட்லாசியன் கம்பெனியார் அளித்த ஆதரவு 2024 பிப்ரவரி 15-உடன் முடிந்தது. இவை எதிர்பாராத விபத்துக்களல்ல. எந்த ஏட்டுக்கும் ஒருநாள் நேரக்கூடியவை. பைதான் மொழியைப் பேணுவோர் 2007-இல் ஸோர்ஸ்போர்ஜ் தளத்தை விட்டு ரவுண்டப் என்னும் ஏட்டுக்கும், 2022-இல் அங்கிருந்து கிட்ஹப்புக்கும் குடிபெயர்ந்தனர். இருமுறை வீடு மாறியும் பழைய பிழைகளை உடன் கொண்டு சென்றனர். விக்கிமீடியாவினரும் 2014-இல் பக்ஸில்லாவிலிருந்து பேப்ரிகேட்டருக்கு அவ்வாறே மாறினர். தமிழ் விக்கிப்பீடியாவின் மென்பொருளிற் காணும் பிழைகளும் அங்கேயே பதியப்படுகின்றன. எழுதியவற்றை எடுத்துச் செல்ல வழியிருந்தமையாலேயே இவர்களுக்கு இது கூடிற்று.

ஆதலால் ஓர் ஏட்டை ஏற்குமுன், அதில் எழுதிய யாவற்றையும், கருத்துரைகளும் இணைப்புகளும் உட்பட, வேறோர் இடத்திற் படிக்கத்தக்க வடிவில் வெளியே எடுக்க இயலுமா என்று செய்து பார்த்தல் வேண்டும். பின்னர் அதனை இரண்டு வாரம், கற்பனை வேலையிலன்றி மெய்யான வேலையிற் கையாண்டு, முடிவில் குழுவிற் கடைசியாகச் சேர்ந்தவனை அழைத்து, "நீ கண்ட பிழைகளில் எதையேனும் எழுதாது விட்டாயா? ஏன் விட்டாய்?" என்று கேட்பது நன்று. விலைப்பட்டியல் சொல்லாததை அவன் விடை சொல்லும்.

மாணாக்கரே, நாளை உங்களிற் சிலர் ஏட்டில் எழுதுவோராகவும், சிலர் ஏட்டைத் தெரிந்தெடுப்போராகவும் இருப்பீர்கள். எழுதுவோர் பிழையை அஞ்சாது எழுதுக. தெரிந்தெடுப்போர், அவ்வாறு எழுதுதற்கு இடந்தருக.