பெரிய பிள்ளை ஆனாலும் பிள்ளை பிள்ளைதான்



சடங்கு முடிந்ததும் "இனிப் பெரிய பிள்ளை" என்கிறோம். அது நம் வழக்கம். சட்டம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 18 வயது நிறைந்தவரே இந்நாட்டில் வயது வந்தவர். பொது விவாகச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்வதற்கும் 1995 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 நிறைந்திருக்க வேண்டும்.

"பெற்றவர்கள் நாங்கள் கையெழுத்து வைக்கிறோமே" என்று சிலர் கேட்கிறார்கள். தாய் தகப்பன் சம்மதித்தாலும் 18க்குக் குறைந்தவரின் விவாகத்தைப் பதிவாளர் பதிய முடியாது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கோயிலில் தாலி கட்டி, லயத்தில் பந்தல் போட்டாலும் அந்த வயது மாறாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், அவள் விரும்பியே போயிருந்தாலும், தண்டனைச் சட்டத்தில் அது பாலியல் வல்லுறவு. மாப்பிள்ளை என்று அழைத்து வந்த பையன் சிறைக்குப் போக நேரிடும்.

பெற்றோரின் பயம் நமக்குத் தெரியாததல்ல. தாய் வெளிநாட்டில், தகப்பன் மலையில், வீட்டில் பிள்ளை தனியே. ஒரு காதல் பேச்சு எழுந்தால் மானம் போய்விடும் என்று அவசரமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். அந்த மானத்துக்கு விலை கொடுப்பது யார்? சாதாரண தரப் பரீட்சை எழுதாமல் நின்றுபோகும் பிள்ளைதான். விவாகப் பத்திரம் இல்லாததால், நாளை அவன் விட்டுப் போனாலோ இறந்துபோனாலோ, சேமலாப நிதிக்கும் உரிமைக்கும் அலைபவளும் அவள்தான்.

ஆகவே நம் நிலைப்பாடு இது. இப்படியான விடயங்களைத் தலைவர்மார் கூடிப் பேசி, "கட்டி வைத்துவிடுங்கள்" என்று தீர்க்கக்கூடாது. அது சம்பளத் தகராறு அல்ல. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கத்துக்குச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடமும் சொல்லலாம்.

ஏற்கெனவே சேர்ந்து வாழும் இளம் பிள்ளைகளைத் தள்ளி வைக்கவும் கூடாது. அவர்களுக்குக் குழந்தை பிறந்தால் தாமதிக்காமல் பிறப்பைப் பதியுங்கள். பெற்றோருக்கு விவாகம் இல்லை என்பதற்காகப் பதிவை விட்டுவிட வேண்டியதில்லை. தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால் தகப்பன் பெயரையும் சேர்க்கலாம். இருவருக்கும் 18 நிறைந்ததும், இருவரும் விரும்பினால், விவாகத்தைப் பதியச் சொல்லுங்கள். கர்ப்பமான பிள்ளை கிளினிக்குக்குப் போக வெட்கப்படாதபடி பார்த்துக்கொள்வது மாதர் சங்கத்தின் வேலை.

வறுமை தீராமல் இது முற்றாகத் தீராது என்பதும் உண்மை. அதனால்தான் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் போராடுகிறோம். ஆனால் சம்பளம் கூடும் வரை பிள்ளையின் வயது காத்து நிற்காது. கூடையை நாம் சுமப்போம். அவள் இன்னும் சில வருடம் புத்தகப் பையைச் சுமக்கட்டும்.