தயிர்சாதம் தீர்க்காத வாந்தி

மைசூர் அக்ரஹாரமானாலும் சென்னை வேப்பேரியானாலும், வாந்தி எடுக்கும் நாய்க்கு முதல் வைத்தியம் பெரும்பாலும் வீட்டில்தான். தயிர்சாதம், மிச்சமிருக்கும் வலி மாத்திரை. மாத்திரை வயிற்றை இன்னும் புண்ணாக்கும்.

கண்டதைத் தின்று வந்த அழற்சி என்றால், வளர்ந்த நாய்க்குச் சில மணி நேரம் உணவை நிறுத்தி, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். குட்டியைப் பட்டினி போடக் கூடாது. அது சோர்ந்து, ரத்தபேதியும் கண்டால் பார்வோ வைரஸாக இருக்கலாம். 1978ல் உலகெங்கும் பரவத் தொடங்கிய இந்த வைரஸ், 1980களின் தொடக்கத்தில் சென்னையையும் எட்டியது. குடலின் உட்சுவரை அழித்து, வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுகிறது.

ஆன்டிபயாடிக் இந்த வைரஸைக் கொல்லாது. கூடவே புகும் பாக்டீரியாவைத்தான் தடுக்கும். உயிரைப் பிடித்து வைப்பது, இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் டிரிப். உடனே ஏற்றினால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. தாமதித்தால் நேர்மாறு.

குட்டி இறந்த வீட்டைப் பினாயிலால் கழுவினால் போதாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும். மண்ணில் வைரஸ் மாதக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை தடுப்பூசித் தவணைகள். டிரிப்பை விட அது மலிவு.