பிடித்த பணத்துக்குக் கணக்கு எங்கே?

“அண்ணாச்சி, மாசா மாசம் இ.எஸ்.ஐ.ன்னு சொல்லி நூத்தி இருபது ரூபாய் பிடிக்கிறான். அதைப் பிடிக்காம கையிலேயே கொடுக்கச் சொல்லி நம்ம சங்கத்திலேருந்து ஒரு கடிதம் போடக்கூடாதா?”

ஞாயிற்றுக்கிழமை தோறும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் நம் சங்க அறைக்கு வரும் தம்பிமார்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. ஒருவர் இருவர் அல்ல, பலர் கேட்கிறார்கள்.

தம்பிமார்களே, அந்தக் கடிதத்தை நாங்கள் எழுத மாட்டோம்! ஏன் எழுத மாட்டோம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இந்தக் கோரிக்கை தொழிலாளியின் வாயிலிருந்து வருகிறது. ஆனால் அது பிறந்த இடம் காண்ட்ராக்டரின் வாய். “எதுக்குப்பா இ.எஸ்.ஐ.? அங்கே போனால் மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. உனக்கு வேண்டாம் என்று சொல்லு, நூத்தி இருபதையும் கையிலே தந்துடறேன்” என்று தேன் தடவிப் பேசுகிறாரே, அவருக்கு நம் மீது திடீரென்று அன்பு பொங்கிவிட்டதா?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மாதச் சம்பளம் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். அதாவது 120 ரூபாய். முதலாளி தன் பையிலிருந்து கட்ட வேண்டியது நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய். அதாவது 520 ரூபாய். 2019 ஜூலை முதல் தேதியன்று குறைக்கப்பட்ட விகிதம் இது. அதற்கு முன் நம் பங்கு ஒன்றே முக்கால், அவர் பங்கு நாலே முக்கால்.

ஆக, நமக்கு 120 ரூபாயைக் கொடுத்து “சந்தோஷமா?” என்று கேட்கும் மனிதர், தனக்கு 520 ரூபாயை மிச்சம் பிடிக்கிறார். ஆண்டுக்கு ஓர் ஆளுக்கு 6,240 ரூபாய். ஐம்பது ஆளுக்கு எவ்வளவு? மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்! நமக்குத் தந்தது மிட்டாய். அவர் எடுத்துக்கொண்டது மிட்டாய்க் கடை.

இன்னும் சில கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். தங்கள் பங்கையும் சேர்த்து 640 ரூபாயையும் நம் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். முதலாளி தன் பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிக்கக்கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால்தானே இது தெரியும்!

அந்த 120 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

பதிவான நாள் முதல் தொழிலாளிக்கும் மனைவி மக்களுக்கும், அவரை நம்பி வாழும் தாய் தந்தையருக்கும் மருத்துவம். நோய்வாய்ப்பட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. நம் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 373 ரூபாய். 91 நாளுக்கு ஏறத்தாழ 34,000 ரூபாய். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய் என்றால் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை.

வேலை செய்யும் பெண்ணுக்குப் பேறுகாலத்தில் 26 வாரம் முழுக் கூலி. அதே 16,000 சம்பளத்தில் இது ஏறத்தாழ 97,000 ரூபாய். வேலையிடத்தில் அடிபட்டால் குணமாகும் வரை 90 விழுக்காடு. இதற்கு ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் போதும். உறுப்பு போனால், போன அளவுக்கு ஏற்ப ஆயுள் முழுவதும் மாதத் தொகை. வேலையிடத்து விபத்தில் உயிர் போனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தொகை.

மாதம் 120 ரூபாய்க்கு இவ்வளவையும் தருகிற வேறு கம்பெனி இந்த நாட்டில் எங்கே இருக்கிறது? இது யாரும் போட்ட பிச்சை அல்ல. 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கப்பட்ட உரிமை. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியது. நம் உரிமை மாறிவிடவில்லை.

78 நாள் சூழ்ச்சி

நோய்க்காலப் பணம் பெற ஒரு நிபந்தனை உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு காலம். அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். முதல் காலத்துக்கான பலன் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. இரண்டாம் காலத்துக்கான பலன் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை.

இங்கேதான் காண்ட்ராக்டர் விளையாடுகிறார். நாம் 150 நாள் வேலை செய்திருப்போம். ஏட்டில் 60 நாள் எழுதியிருப்பார். காண்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் “புது ஆள்” என்று காட்டிப் புது எண் வாங்குவார். பழைய எண்ணில் சேர்ந்த நாட்கள் ஓரிடத்தில், புதிய நாட்கள் வேறிடத்தில். இரண்டையும் யார் கூட்டிப் பார்ப்பது?

தம்பிமார்களே, நெஞ்சில் எழுதி வையுங்கள். இ.எஸ்.ஐ. எண் ஓர் ஆளுக்கு ஒன்றுதான். மும்பையை விட்டுப் புனேக்குப் போனாலும், சூரத்துக்குப் போனாலும் அதே எண். புது இடத்தில் சேரும்போது, “எனக்கு ஏற்கெனவே எண் இருக்கிறது, இதிலேயே கட்டுங்கள்” என்று சொல்லுங்கள்.

குடும்பம் ஊரில் இருக்கிறதே?

“நான் இங்கே, வீட்டுக்காரி பிள்ளைகள் ஊரிலே. மும்பை டிஸ்பென்சரியால் அவர்களுக்கு என்ன லாபம்?” என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்வி. இதற்கும் வழி இருக்கிறது. குடும்பம் வேறு மாநிலத்தில் இருந்தால், அவர்களுக்கு அங்கேயே ஒரு மருந்தகத்தைப் பதிவு செய்து கொடுக்கலாம். திருநெல்வேலியிலும் மதுரையிலும் கோவையிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. நாம் இங்கே வியர்வை சிந்த, அங்கே அம்மாவின் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்கலாம்.

ஆனால் எத்தனை பேர் குடும்பத்தாரின் பெயரைச் சேர்த்திருக்கிறோம்? அட்டையை எடுத்துப் பாருங்கள். பல அட்டைகளில் தொழிலாளியின் பெயர் மட்டும் தனியாக நிற்கிறது, அவருக்கு நாதியே இல்லாததுபோல!

மூன்று விரல்கள்

இதையெல்லாம் எழுத எங்களுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். எங்களில் சிலர் ரயில்வே குமாஸ்தாக்கள். எங்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு, இ.எஸ்.ஐ. எங்களுக்கு இல்லை. ஆனால் நாங்கள் நடக்கும் பிளாட்பாரத்தைப் பெருக்கும் சகோதரிகள் காண்ட்ராக்ட் ஆட்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு சாதி உழைப்பாளிகள். இதைப் பார்த்துக்கொண்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவருக்குப் பட்டறை பிரஸ் மெஷினில் வலது கையின் மூன்று விரல்கள் போயின. காண்ட்ராக்டர் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் கட்டுப் போட்டுவிட்டு, கையில் பத்தாயிரம் ரூபாயைத் திணித்து, ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். நாங்கள் என்ன செய்தோம்? உண்டியல் குலுக்கினோம். மாலையில் எல்லாரும் கூடி அனுதாபம் தெரிவித்தோம். கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போனோம்.

ஓர் ஆண்டு கழித்து அவர் பழைய சம்பளச் சீட்டுகளோடு திரும்பி வந்தார். பதினான்கு மாதம் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறது. கிளை அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். அவர் பெயரில் எண்ணே இல்லை! பிடித்த பணம் கட்டப்படவே இல்லை.

அப்போதுதான் நாங்கள் சட்டத்தைப் படித்தோம். முதலாளி கட்டத் தவறினால் அதற்காகத் தொழிலாளி தெருவில் நிற்க வேண்டியதில்லை; கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க வழி உண்டு. காண்ட்ராக்டர் ஓடிப் போனாலும், வேலை வாங்கிய மூல முதலாளி பொறுப்பாளி. பிடித்த பணம் தொழிலாளி நம்பி ஒப்படைத்த பணம். அதை விழுங்குவது நம்பிக்கை மோசடிக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவு அப்படிச் சொன்னது; 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவும் அதையே சொல்கிறது.

மனுமேல் மனு எழுதினோம். படியேறி இறங்கினோம். ஒன்றரை ஆண்டு ஆயிற்று. மருத்துவக் குழு கையைப் பார்த்தது. இப்போது மாதந்தோறும் அவர் வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது. பெரிய தொகை அல்ல. ஆனால் அது உண்டியல் காசு அல்ல, அவர் உரிமை! முதல் நாளே அந்தச் சம்பளச் சீட்டைக் கேட்டிருந்தால் ஓர் ஆண்டை வீணாக்கியிருக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரி சரியில்லையே!

உண்மை. நாங்கள் மூடி மறைக்க வரவில்லை. வரிசை நீளம், மருந்து பாதி வெளியே வாங்கச் சொல்கிறார்கள், நம் பெண்களுக்கு மராத்தியும் இந்தியும் புரியாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 2018 டிசம்பர் 17 அன்று அந்தேரி மரோலில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையே தீப்பிடித்து உயிர்கள் பலியானதை இந்த நகரம் மறக்கவில்லை. சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ஆக்கப்பட்டது. அதன்பின் விலைவாசி எங்கே போயிற்று என்பது நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் ரேஷன் கடையில் அரிசி புழுத்திருந்தால் கார்டைக் கிழித்துப் போடுகிறோமா? நல்ல அரிசி கொடு என்று கேட்கிறோம். ஆஸ்பத்திரி சரியில்லை என்றால் சரியாக்கு என்று கேட்பதுதான் சந்தா கட்டுகிறவனின் வேலை. சந்தாவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் எந்த வாயால் கேட்பான்?

இந்த மாதம் செய்ய வேண்டியது

முதலில் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிடித்தது நூற்றுக்கு முக்கால்தானா என்று பாருங்கள். ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். கட்டினாரா என்பதை உமங் செயலியில் உங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கைப்பேசி பழக்கமில்லாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். குடும்பத்தார் பெயரையும் ஆதாரையும் சேருங்கள். அடிபட்டால் அன்றே விபத்து அறிக்கை எழுதச் சொல்லுங்கள்; பத்தாயிரம் ரூபாய்க்கும் ரயில் டிக்கெட்டுக்கும் மயங்காதீர்கள்.

பத்துப் பேருக்கு மேல் வைத்துக்கொண்டு ஒன்பது பேரை மட்டும் ஏட்டில் காட்டும் பட்டறைகள் உண்டு. அந்த ஏட்டில் இல்லாத ஆள் நீங்களாகவும் இருக்கலாம். தனியாகக் கேட்டால் வேலை போகும் என்ற பயம் எங்களுக்கும் புரிகிறது. அதனால்தான் தனியாகக் கேட்காதீர்கள் என்கிறோம். ஒரு பட்டறையிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து சீட்டோடு வாருங்கள். மனுவை நாங்கள் எழுதுகிறோம். கிளை அலுவலகத்துக்கு நாங்களும் கூட வருகிறோம்.

அடுத்த ஞாயிறு சங்க அறை காலை பத்து மணிக்கே திறந்திருக்கும். உண்டியல் மூலையில் கிடக்கட்டும். சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்!